மயில்துத்தத்தில் முக்கி எடுத்த கத்தி: வீட்டிலேயே மின்கலம் செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பூஞ்சைநோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை தயாரிக்கிற நாளில் போய் நின்றால் ஒரு சின்ன வேடிக்கை பார்க்கலாம். மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தனியாகவும் சுண்ணாம்பைத் தனியாகவும் தண்ணீரில் கரைத்து, இரண்டையும் டிரம்மில் கலப்பார்கள். கலந்ததும், நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தி ஒன்றை அதில் முக்கி, கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். கத்தி வெள்ளையாகவே இருந்தால் சரி, மருந்தடிக்கலாம். கத்தி மேல் செம்பு நிறத்தில் ஏதாவது படிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் அடித்தால் காப்பி இலை கருகிவிடும்.

கத்தியில் படிவது செம்பு நிறச் சாயம் இல்லை, செம்பேதான். மயில்துத்தக் கரைசலில் செம்பு இரண்டு எலக்ட்ரானை இழந்த நிலையில், அயனியாக நீந்திக்கொண்டிருக்கிறது. இரும்புக்கோ எலக்ட்ரானைக் கையில் வைத்துக்கொள்வதில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. இரண்டும் தொட்டதும் இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் இறங்குகிறது. செம்பு அதை வாங்கிக்கொண்டு உலோகமாகிக் கத்தி மேல் உட்காருகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கல் கத்தியின் மேல்பரப்பிலேயே நடந்து முடிந்துவிடுவதால் நமக்கு அதில் வேலை ஒன்றும் ஆவதில்லை. கொடுக்கிற உலோகத்தை ஒரு பக்கம், வாங்குகிற இடத்தை இன்னொரு பக்கம் வைத்து, நடுவில் ஒரு ஒயரைப் போட்டு, எலக்ட்ரான் அந்த ஒயர் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும் என்று செய்துவிட்டால்? ஒயரில் ஓடுவது மின்சாரம். மின்கலம் என்பது இவ்வளவுதான். கீழே சொல்வதெல்லாம் இந்தச் சுற்றுவழியை எப்படிப் போடுவது என்பதுதான்.

என்னென்ன வாங்க வேண்டும்

துத்தநாகத் தகடு தேடி அலைய வேண்டாம். ஹார்டுவேர் கடையில் "ஜிஐ ஆணி இருக்குங்களா?" என்று கேளுங்கள். இரும்பு ஆணி மேல் துத்தநாகம் பூசியது அது. இரண்டு அங்குல ஆணி பத்து போதும். கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் பாருங்கள்: ஜிஐ ஆணி சாம்பல் பூத்தமாதிரி மங்கலாக இருக்கும். பளபளவென்று எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் அது வெறும் கம்பி ஆணி. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

செம்புக்கு, வீட்டு ஒயரிங் வேலை நடந்த இடத்தில் எலக்ட்ரீஷியன் வெட்டிப் போட்ட துண்டுகளே போதும். மேலுறையை உரித்து, உள்ளே இருக்கும் இழைகளை முறுக்கிக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கிற வைண்டிங் கம்பியைப் பயன்படுத்துவதானால் ஒரு எச்சரிக்கை. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு இருக்கும், அது மின்சாரத்தை விடாது. உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்த பிறகுதான் அது செம்பு.

வெளிநாட்டு வீடியோக்களில் காசைச் செருகிக் காட்டுவார்கள். நம் ஒரு ரூபாய்க் காசு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், செம்பு இல்லை. நம் சேலம் உருக்காலையிலேயே காசு அச்சடிப்பதற்கான ஸ்டீல் வட்டுகளை வெட்டும் பிரிவு உண்டு. ஊர்ப் பெருமை வேறு, மின்கலம் வேறு, காசை விட்டுவிடுங்கள்.

சின்னக் கடை வீதியில் எலுமிச்சம்பழம் ஆறு, மெல்லிய தோலாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்காட்டு ஆரஞ்சு வருகிற பருவமானால் அதிலும் செய்யலாம், ஆனால் அதைத் தின்பதுதான் நியாயம். அப்புறம் சிவப்பு எல்இடி இரண்டு, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒயர் ஐந்தாறு, மலிவான மல்டிமீட்டர் ஒன்று. மீட்டர் இல்லாமலும் செய்யலாம்தான், ஆனால் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வழியிருக்காது. உரக்கடையில் மயில்துத்தம் நூறு கிராம். அது விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல், சமையலறைப் பக்கம் கொண்டுபோகாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒயர் இல்லாமல் பார்ப்பது

பழத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் பாதித் தண்ணீர், அதில் சின்ன ஸ்பூன் மயில்துத்தம். நீலம் நன்றாகக் கரைந்ததும், உப்புத்தாளால் தேய்த்த சாதாரண இரும்பு ஆணியை நூலில் கட்டிப் பாதி அளவு முங்கும்படி தொங்கவிடுங்கள். சில விநாடிகளிலேயே முங்கிய பாகம் மங்கத் தொடங்கும். ஐந்து நிமிடத்தில் செங்கல் நிறத்தில், தொட்டால் உதிர்கிற மாதிரி ஒரு படிவு. தோட்டத்துக் கத்தியில் வருவது இதுதான். சுண்ணாம்பு போதுமான அளவு விழுந்துவிட்டால் கரைசலில் சும்மா திரிகிற செம்பு அயனி இருக்காது, அதனால்தான் அங்கே கத்தி நிறம் மாறுவதில்லை.

இரவு முழுக்க விட்டுவைத்தால் நீலம் வெளிறியிருக்கும். செம்பு வெளியே வந்துவிட்டது, அதன் இடத்துக்கு இரும்பு உள்ளே போய்விட்டது.

இரண்டாவது வேலை: எலுமிச்சை

பழத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுங்கள். உள்ளே சுளைப் பைகள் உடைந்து சாறு ஒன்று சேர வேண்டும், ஆனால் தோல் கிழியக்கூடாது. ஒரு ஜிஐ ஆணியை ஒரு பக்கமும் செம்புக் கம்பியை இன்னொரு பக்கமும் ஓர் அங்குல இடைவெளியில் செருகுங்கள். உள்ளே இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. தொட்டால் சுற்றுவழி போய், பழைய கத்திக் கதையாகிவிடும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட் பக்கம் 20 என்ற எண்ணில் வையுங்கள். சிவப்பு முள்ளைச் செம்பிலும் கறுப்பு முள்ளை ஆணியிலும் வைத்தால் 0.9 வோல்ட்டை ஒட்டி ஏதாவது காட்டும். மைனஸ் குறி வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, முள்ளை மாற்றி வைத்திருக்கிறீர்கள்.

இப்போது உள்ளே நடப்பது என்ன? ஆணி மேலிருக்கும் துத்தநாகம் ஒவ்வோர் அணுவுக்கும் இரண்டு எலக்ட்ரானை உலோகத்திலேயே விட்டுவிட்டு, அயனியாகச் சாற்றில் இறங்குகிறது. விட்டுப்போன எலக்ட்ரான்கள் ஒயர் வழியாகச் செம்புக்கு வருகின்றன. செம்பைச் சுற்றிப் புளிப்புச் சாற்றில் ஹைட்ரஜன் அயனிகள் ஏராளம். அவை எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவாகின்றன. பழத்துக்குப் பதிலாகச் சாற்றைப் பிழிந்து கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, இரண்டு கம்பிகளையும் வெளியே ஒயரால் இணைத்துப் பாருங்கள். செம்பில் ஊசிமுனை அளவு குமிழிகள் ஒட்டியிருப்பது தெரியும். துத்தநாகத்திலும் குமிழி வரும். அது ஒயர் பக்கம் வராமல் அங்கேயே நேராக அமிலத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடும் பங்கு, நமக்கு நஷ்டக் கணக்கு.

கவனியுங்கள், இந்த ஏற்பாட்டில் செம்பு கரைவதும் இல்லை, வளர்வதும் இல்லை. அது கைமாற்றிவிடுகிற இடம் மட்டுமே. செலவாவது துத்தநாகம். ஒரு மில்லி ஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 29 மில்லிகிராம் துத்தநாகம் கரையும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசு அதைச் சுலபமாகப் பிடித்துவிடும். கரைந்தது பழத்துக்குள்தான் இருக்கிறது, ஆகையால் செய்து முடித்த பழத்தில் சாதம் கிளற நினைக்க வேண்டாம். குப்பைக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது வேலை: எது காரணம் என்று பிடிப்பது

எலுமிச்சையிலிருந்து கரண்ட் வருகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் உலோகத்தை மாற்றாமல் பழத்தை மாற்றுங்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, ஒரு கப் புளித்த மோர். மீட்டர் அதே பக்கம்தான் சுற்றிக்கொண்டிருக்கும். உப்புத் தண்ணீரில் கொஞ்சம் குறையலாம்.

அப்புறம் பழத்தை மாற்றாமல் உலோகத்தை மாற்றுங்கள். இரண்டு பக்கமும் ஜிஐ ஆணி வைத்தால் மீட்டர் சுழியத்தில் படுத்துவிடும். செம்பும் வெறும் இரும்பு ஆணியும் என்றால் அரை வோல்ட் பக்கம் வரும். பள்ளி ஆய்வகத்தில் மெக்னீசிய நாடா ஒரு துண்டு கிடைத்தால் செம்போடு சேர்த்துப் பாருங்கள், ஒன்றரை வோல்ட்டைத் தாண்டும். நாடா உள்ளேயே புசுபுசுவென்று நுரைக்கும்.

இதை எங்கள் ஊர் ஆளுக்கு மலைப்பாதையை வைத்துச் சொல்வது எனக்கு வழக்கம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் சாலை அகலமாக இருந்தாலும் குறுகலாக இருந்தாலும் மாறாது. இருபது கொண்டை ஊசி வளைவை இருபத்தைந்தாக்கினாலும் மாறாது. வோல்ட் என்பது இரண்டு உலோகங்களுக்கு நடுவில் உள்ள அந்த மாதிரி உயர வித்தியாசம். ஆம்பியர் என்பது ஒரு நேரத்தில் எத்தனை வண்டி இறங்குகிறது என்பது. பழம், சாறு, கம்பி எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது, இவையெல்லாம் சாலையின் அகலத்தைத்தான் தீர்மானிக்கின்றன. கம்பியை இன்னும் ஆழமாகச் செருகிப் பாருங்கள், வோல்ட் பெரிதாக ஏறாது, மில்லி ஆம்பியர் ஏறும்.

எந்த உலோகம் எவ்வளவு சுலபமாக எலக்ட்ரான் கொடுக்கும் என்று வரிசைப்படுத்திய புத்தக அட்டவணையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். அட்டவணைப்படி அலுமினியம் துத்தநாகத்தைவிட நன்றாக எலக்ட்ரான் கொடுக்க வேண்டும். ஆனால் சமையலறை அலுமினியத் தாளை வைத்தால் அரை வோல்ட் பக்கம்தான் வரும். காற்று பட்டதுமே அதன் மேல் மெல்லிய ஆக்சைடு போர்வை வந்துவிடுகிறது, அது வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. செம்புக்குப் பதில் வெள்ளிக் கம்பியை வைத்தாலும் ஏமாற்றமே. எலக்ட்ரான் வாங்குவதில் வெள்ளி அட்டவணையில் செம்பைவிட நல்ல உயரத்தில் இருந்தாலும் மீட்டர் அந்த அளவுக்கு ஏறாது. காரணம் மேலே சொன்னதுதான்: அந்தப் பக்கம் எலக்ட்ரானை வாங்குவது உலோகம் இல்லை, சாற்றிலுள்ள ஹைட்ரஜன் அயனி. உலோகத்தை மாற்றினால் வாங்குகிற ஆள் மாறிவிடுவதில்லை.

இன்னொன்று. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம் இருக்கிறதே, அந்தக் கல்லில் மெக்னீசியம்தானே இருக்கிறது, அதைச் செருகினால் என்ன என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. செருகினால் ஒன்றும் வராது. மேக்னசைட் என்ற அந்த வெள்ளைக்கல்லில் இருக்கும் மெக்னீசியம் தன் எலக்ட்ரான்களை என்றைக்கோ கொடுத்துவிட்டது, அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலை மறுபடி எரிக்கப் பார்க்கிற மாதிரிதான். ஏற்காட்டில் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போன பாக்சைட் என்ற அலுமினியத் தாதுவும் அப்படியே. அதிலிருந்து உலோகம் எடுக்க, ஆலையில் ஏகப்பட்ட மின்சாரம் செலவழித்து எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாம் மின்கலத்தில் எடுப்பது அப்படி முன்பே செலுத்தியதில் ஒரு சின்னப் பங்கு.

எல்இடி எரிய வைப்பது

என் அக்கா மகள் பள்ளிக் கண்காட்சிக்கு எலுமிச்சை வைத்து விளக்கு எரிக்கப் போகிறேன் என்று கிளம்பினாள். முதல் நாள் இரவு எட்டு மணிக்கு ஃபோன். "மாமா, பழம் செத்துப் போச்சா? லைட் வரவே இல்ல." போய்ப் பார்த்தேன். மூன்று பழம், கம்பிகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. மீட்டரை வைத்தால் மூன்றுக்கும் சேர்த்து 1.3 வோல்ட். கடைக்காரர் கொடுத்திருந்தது பளபளக்கும் கம்பி ஆணி. இரும்பு, துத்தநாகம் இல்லை. சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட் வேண்டும். அந்த நேரத்தில் ஜிஐ ஆணிக்கு எங்கே போவது? மாடியில் தண்ணீர்க் குழாய்க்குக் கட்டியிருந்த ஜிஐ கம்பியில் மிச்சம் ஒரு முழம் கிடந்தது. அதை வெட்டிச் செருகினோம்.

கோர்க்கும் முறை இது. முதல் பழத்தின் செம்பிலிருந்து இரண்டாவது பழத்தின் ஆணிக்கு ஒரு கிளிப் ஒயர். இரண்டாவதின் செம்பிலிருந்து மூன்றாவதின் ஆணிக்கு. இப்படியே நான்கு பழம். கடைசியில் ஒரு முனையில் ஆணியும் மறு முனையில் செம்பும் தனியாக மிஞ்சும். மிஞ்சிய செம்போடு எல்இடியின் நீளக்காலையும் மிஞ்சிய ஆணியோடு குட்டைக்காலையும் இணைக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எரியாது, கெட்டும் போகாது. மங்கலாகத்தான் எரியும், அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஒரே பெரிய கடாரங்காயில் நான்கு ஜோடியையும் செருகி வரிசையாகக் கோர்த்தால் ஆகாதா? ஆகாது. எல்லாம் ஒரே சாற்றில் நிற்பதால் வோல்ட் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறாது. ஒவ்வொரு ஜோடிக்கும் தனிக் கிண்ணம் வேண்டும்.

வோல்டா 1800-இல் உலகத்துக்கு அறிவித்த அடுக்கு இதே யோசனைதான். துத்தநாக வட்டு, உப்பு நீரில் நனைத்த துணி, செம்பு அல்லது வெள்ளி வட்டு, மறுபடி துத்தநாகம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நம் ஊர் தட்டுவடை செட்டை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி, நடுவில் சட்னிக்குப் பதில் ஈரத் துணி. துணி காய்ந்தாலும் கதை முடிந்தது, ஈரம் வழிந்து அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்தாலும் முடிந்தது.

டார்ச் பல்பை எரிக்க முயல வேண்டாம். அதற்கு 200, 300 மில்லி ஆம்பியர் தேவை. எலுமிச்சை தருவது ஒரு மில்லி ஆம்பியர் பக்கம். மூட்டைக் கணக்கில் பழம் வேண்டும்.

கொஞ்சம் பெரியவர்களுக்கு: டேனியல் முறை

எலுமிச்சை மின்கலம் சீக்கிரம் சோர்ந்துபோவதைக் கவனித்திருப்பீர்கள். செம்பில் ஹைட்ரஜன் குமிழிகள் போர்வைபோல் ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கின்றன. 1836-இல் லண்டனில் ஜான் டேனியல் இதற்கு ஒரு வழி கண்டார். செம்பைச் சுற்றி அமிலத்துக்குப் பதில் மயில்துத்தக் கரைசலை வைத்தார். எலக்ட்ரானை வாங்குவது செம்பு அயனி என்றால் குமிழிக்கு இடமேது?

வீட்டில் செய்ய, பூச்சு இல்லாத சின்ன மண் குவளை ஒன்றை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப் போடுங்கள். அதன் உள்ளே உரக்கடையில் கிடைக்கும் ஜிங்க் சல்பேட் கரைசலும் நான்கைந்து ஜிஐ ஆணிகளை ஒன்றாகக் கட்டிய கட்டும். குவளையை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, வெளியே சுற்றிலும் மயில்துத்தக் கரைசல், அதில் சுருட்டிய செம்புக் கம்பி. மண் சுவர் இரண்டு கரைசலும் ஓடிக் கலக்காமல் தடுக்கும், ஆனால் அயனிகள் மெதுவாகக் கசிந்து போய்வர விடும். அந்தக் கசிவு இல்லாவிட்டால் ஒரு பக்கம் நேர்மின்னும் மறுபக்கம் எதிர்மின்னும் தேங்கி ஓட்டமே நின்றுவிடும்.

மீட்டரில் 1.1 வோல்ட்டை ஒட்டி வரும். இரண்டு குவளைகளைக் கோர்த்தால் சிவப்பு எல்இடி மணிக்கணக்கில் எரியும். ஒரு நாள் கழித்துச் செம்புக் கம்பியை எடுத்துப் பாருங்கள், இளஞ்சிவப்பில் புதுச் செம்பு சொரசொரப்பாகப் படிந்திருக்கும். முதலில் இரும்பு ஆணியில் பார்த்த அதே படிவுதான், இந்த முறை எல்இடியைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மிச்சக் கரைசலைப் பாட்டிலில் மூடி, பெயர் எழுதி வையுங்கள். கிணற்றுப் பக்கமோ ஏரிப் பக்கமோ கொட்டினால் மீன் பிழைக்காது.

கொலுசு

கண்காட்சி முடிந்து வந்த அன்று அக்கா தன் கறுத்துப்போன கொலுசைக் கொண்டுவந்து, "இதுக்கு ஏதாவது உன் விஞ்ஞானத்துல வழி இருக்கா?" என்றாள். இருக்கிறது, இதுவும் ஒரு மின்கலம்தான். வெள்ளியின் மேலுள்ள கறுப்பு, வெள்ளி சல்பைடு. பவுடர் போட்டுத் தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் தேய்ந்து போகும்.

பீங்கான் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதன் மேல் நன்றாகப் படும்படி வையுங்கள். இரண்டு ஸ்பூன் சமையல் சோடாவைப் போட்டு, கொதிக்கிற தண்ணீரை முங்கும்வரை ஊற்றுங்கள். சூடான சோடாக் கரைசல் அலுமினியத்தின் ஆக்சைடு போர்வையை அரிக்கிறது. அலுமினியம் கொடுக்கும் எலக்ட்ரான் தொடுகிற இடம் வழியாக வெள்ளிக்குப் போய், சல்பைடில் இருந்த வெள்ளியை மறுபடி உலோகமாக்குகிறது. அழுகிய முட்டை வாடை லேசாக வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளுப்பது கண்ணுக்கே தெரியும். தாளில் படாத கண்ணிகள் கறுப்பாகவே நின்றால் திருப்பிப் போடுங்கள்.

கல் ஒட்டிய கொலுசு, எனாமல் வேலைப்பாடு உள்ளது, வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகை, இவற்றுக்கு இந்த முறை வேண்டாம். மற்றதை எடுத்து நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, துண்டால் ஒற்றி, திருகாணிக்குள் ஈரம் இல்லாமல் உலர்த்தியபின் போட்டுக்கொள்ளலாம்.